பாட்டுக் குழுவும் நூலக அட்டையும்

(தொடர்கல்வி மையக் கூட்டத்தில் பேசிய பேச்சு)

 

கல்லூரிக்குப் போகும் பெண்கள் மன்றம் அமைக்கிறார்கள். பாட்டுக் குழு நடத்துகிறார்கள். "படிக்கப் போன இடத்தில் பாட்டு எதற்கு? சங்கம் எதற்கு?" என்று கேட்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. இதற்கு ஒரு கல்லூரியின் கதையே பதில் சொல்லும்.

அந்தக் கல்லூரி அமெரிக்காவில் இருக்கிறது. ஜார்ஜியா மாநிலம், அட்லாண்டா நகரம். கல்லூரியின் பெயர் ஸ்பெல்மன். கறுப்பினப் பெண்களுக்காகத் தொடங்கிய கல்லூரி அது.

எழுத்து குற்றமாக இருந்த காலம்

ஒரு காலத்தில் அங்கே கறுப்பின மக்கள் அடிமைகளாக இருந்தார்கள். பருத்திக் காட்டில் பாடுபட்டார்கள். கூலி கிடையாது. தாயை ஒருவரிடமும் பிள்ளையை வேறு ஒருவரிடமும் விற்றார்கள். கேட்க நாதி இல்லை.

1829-இல் ஜார்ஜியாவில் ஒரு சட்டம் வந்தது. அடிமைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தால் குற்றம் என்றது அந்தச் சட்டம். எழுத்தைக் கண்டு ஏன் இவ்வளவு பயம்? எழுத்து வந்தால் கேள்வி வரும். கேள்வி வந்தால் அடிமைத்தனம் நிலைக்காது. ஆண்டைகளுக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது.

1865-இல் அடிமை முறை ஒழிந்தது. 1881 ஏப்ரல் மாதம் சோபியா பேக்கர்ட், ஹாரியட் கைல்ஸ் என்ற இரண்டு ஆசிரியைகள் அட்லாண்டாவில் பள்ளி தொடங்கினார்கள். கட்டடம் இல்லை. ஒரு தேவாலயத்தின் நிலவறைதான் வகுப்பு. முதல் நாள் வந்தவர்கள் 11 பேர். பெரும்பாலோர் வயது வந்த பெண்கள். அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். பைபிளைத் தாமே படிக்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. முதியோர் கல்வி வகுப்பு மாதிரிதான் அந்தப் பள்ளி பிறந்தது. 1884-இல் அதற்கு ஸ்பெல்மன் என்ற பெயர் வந்தது. 1924-இல் கல்லூரி ஆனது.

பாட்டு காத்த கதை

படிக்கத் தடை இருந்த காலத்திலும் அந்த மக்களிடம் ஒன்று இருந்தது. அதுதான் பாட்டு. நம் ஊரில் நடவுப் பாட்டும் தாலாட்டும் எந்தப் புத்தகத்தைப் பார்த்து வந்தன? வாயிலிருந்து காதுக்கு வந்தன. அவர்கள் பாட்டும் அப்படித்தான். கடவுளை நினைத்துப் பாடுவார்கள். அதற்குள்ளே விடுதலை ஆசையும் இருக்கும்.

1925 முதல் ஸ்பெல்மன் மாணவிகளின் பாட்டுக் குழு நடந்து வருகிறது. மேல்நாட்டு இசையைக் கற்றார்கள். கூடவே பாட்டிமார் பாடிய பாடல்களையும் மேடையில் பாடினார்கள். 'இது அடிமைப் பாட்டு' என்று வெட்கப்பட்டு ஒதுக்கவில்லை. 1927-இல், பக்கத்திலுள்ள மோர்ஹவுஸ் ஆண்கள் கல்லூரியோடு சேர்ந்து கிறிஸ்துமஸ் கச்சேரி தொடங்கினார்கள். கெம்பர் ஹாரல்ட் என்ற இசை ஆசிரியர் அதைத் தொடங்கி வைத்தார். இரண்டு கல்லூரிகளும் சேர்ந்து நடத்தும் அந்தக் கச்சேரி இன்றும் தொடர்கிறது.

சேர்ந்து பாடுவது லேசான காரியம் அல்ல. ஒருவர் குரல் மற்றவர் குரலை அமுக்கக் கூடாது. பக்கத்தில் நிற்பவர் பாடுவதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு எடுக்க வேண்டும். சங்கம் நடத்தவும் இதே பழக்கம்தான் வேண்டும்.

நூலகத்தின் கதவு

அடிமை முறை போனாலும் ஒதுக்கி வைப்பது போகவில்லை. பள்ளி தனி. ஓட்டல் தனி. அட்லாண்டா நகரத்தின் பெரிய நூலகத்தில் கறுப்பின மக்களுக்குப் புத்தகம் தர மாட்டார்கள். வரிப்பணம் மட்டும் எல்லோரிடமும் வாங்கினார்கள்.

ஸ்பெல்மன் கல்லூரியில் சமூக அறிவியல் மன்றம் ஒன்று இருந்தது. மாணவிகள் கூடிப் பேசும் மன்றம். ஹோவர்ட் சின் என்ற வரலாற்று ஆசிரியர் அதற்குத் துணையாக இருந்தார். வெறும் பேச்சோடு நிற்க வேண்டாம் என்று மன்றம் முடிவு செய்தது. மாணவிகள் பெரிய நூலகத்துக்குப் போனார்கள். சுதந்திரம் பற்றிய புத்தகங்களைக் கேட்டார்கள். "உங்கள் பகுதி நூலகத்துக்கு அனுப்பி வைக்கிறோம்" என்று பதில் வந்தது. அவர்கள் சண்டை போடவில்லை. திரும்பத் திரும்பப் போனார்கள். திரும்பத் திரும்பக் கேட்டார்கள். வழக்குப் போடவும் தயார் ஆனார்கள்.

1959 மே மாதம் நூலகம் இறங்கி வந்தது. எல்லோருக்கும் கதவு திறந்தது. ஸ்பெல்மன் கல்லூரியின் பிரெஞ்சுப் பேராசிரியை ஐரீன் டாப்ஸ் ஜாக்சன் போய் உறுப்பினர் அட்டை கேட்டு வாங்கினார். சின்ன அட்டைதான். அதன் பின்னால் 130 ஆண்டுப் பாடு இருந்தது.

உணவு மேசையில் உட்கார்ந்தார்கள்

அடுத்த ஆண்டு ஓட்டல்கள். 1960 மார்ச் 9 அன்று 'மனித உரிமைக்கான வேண்டுகோள்' என்ற அறிக்கை அட்லாண்டா பத்திரிகைகளில் வந்தது. அதை எழுதியதில் முக்கியப் பங்கு ரோஸ்லின் போப் என்ற மாணவிக்கு. இசை பயின்றவர். ஸ்பெல்மன் மாணவிகள் பேரவையின் தலைவி.

மார்ச் 15 அன்று பல கல்லூரி மாணவ மாணவிகள் ஓட்டல்களுக்குப் போனார்கள். வெள்ளையருக்கு மட்டும் என்று வைத்திருந்த மேசைகளில் அமைதியாக உட்கார்ந்தார்கள். 77 பேரைக் கைது செய்தார்கள். அதில் ஸ்பெல்மன் பெண்களும் இருந்தார்கள். 'அடக்கமான பிள்ளைகள்' என்று பெயர் எடுத்தவர்கள் சிறைக்கும் போனார்கள். அது காந்தியடிகள் காட்டிய வழி. 1960 அக்டோபரில் மார்ட்டின் லூதர் கிங் அட்லாண்டா மாணவர்களோடு கைதானார். அதற்கு முந்தைய ஆண்டுதான் அவர் இந்தியா வந்து போயிருந்தார். 1961-இல் அந்த மேசைகளில் எல்லோருக்கும் இடம் கிடைத்தது.

ஒரே வீட்டுப் பெண்கள்

நூலக அட்டை வாங்கிய ஐரீனுக்கு ஐந்து தங்கைகள். ஆறு பேரும் ஸ்பெல்மனில் படித்தவர்கள். தங்கைகளில் ஒருவரான மாட்டிவில்டா பெரிய பாடகி ஆனார். 1953-இல் இத்தாலியின் புகழ் பெற்ற லா ஸ்காலா அரங்கில் பாடினார். ஆனால், கறுப்பினத்தாரைப் பிரித்து உட்கார வைக்கும் அரங்கில் பாட மாட்டேன் என்று உறுதியாக இருந்தார். 1962-இல்தான் சொந்த ஊரான அட்லாண்டாவில், எல்லோரும் கலந்து உட்கார்ந்த கூட்டத்தில் பாடினார். ஐரீனின் மகன் மேனார்டு ஜாக்சன் 1973-இல் அந்த நகரத்தின் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். முதல் கறுப்பின மேயர் அவர்தான். அக்கா புத்தகத்துக்காக நின்றார். தங்கை பாட்டுக்காக நின்றார். இரண்டும் ஒரே மானத்துக்காகத்தான்.

சகோதரிகளே! அறிவொளி வகுப்புக்கு ஆட்களைக் கூட்டியது எது? கலைக்குழுவின் பாட்டும் நாடகமும்தானே? எனவே பாட்டைக் குறைவாக நினைக்க வேண்டாம். உங்கள் மகளோ பேத்தியோ மன்றத்தில் சேருகிறேன் என்று சொன்னால் தடுக்க வேண்டாம். உங்கள் ஊர் நூலகத்துக்கு நீங்களும் போங்கள். உறுப்பினர் அட்டை கேளுங்கள். கொடுக்காவிட்டால் மறுநாளும் போங்கள். தனியாகப் போக வேண்டாம். சேர்ந்து போங்கள்.

கூடிப் பேசுங்கள்:

1. உங்கள் ஊர் நூலகத்தில் எத்தனை பெண்கள் உறுப்பினர்?
2. உங்கள் பாட்டி பாடிய பாட்டு யாருக்காவது தெரியுமா? எழுதி வையுங்கள்.
3. சேர்ந்து கேட்டதால் உங்கள் ஊரில் கிடைத்தது என்ன?