முன்பனிக் காலத்து மீன்கள்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரை)



பத்தாண்டுகளாகத் திங்கள்தோறும் கூடிக் கவிதை படித்துவரும் இவ்வட்டத்தின் நிறைவு விழாவில், 'இயற்கையும் கவிதையும்' என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். பொருள் பெரியது, நேரம் சிறியது. ஆகவே இயற்கை முழுவதையும் விட்டு மீனை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதிலும் ஒரு பருவத்து மீன், பனிக்காலத்து மீன்.

கனடாவில் குடியேறிய நண்பர் ஒருவர் சென்ற ஆண்டு ஒரு கடிதம் எழுதியிருந்தார். டொரான்டோ நகருக்கு வடக்கே சிம்கோ என்றொரு பெரிய ஏரி உண்டு. குளிர்காலத்தில் அதன் மேற்பரப்பு உறைந்து தரையாகிவிடும். அத்தரையில் துளையிட்டு, துளையருகே முக்காலி போட்டு அமர்ந்து, தூண்டிலை இறக்கி 'பெர்ச்' என்னும் மீனையும் 'டிரவுட்' என்னும் மீனையும் பிடிப்பார்களாம். நண்பரும் ஒருநாள் போயிருக்கிறார். "விடிந்ததுமுதல் மாலைவரை பனியின்மேல் உட்கார்ந்திருந்தேன். நம் ஊர்த் தை மாதத்து வயல் நினைவாகவே இருந்தது" என்று எழுதியிருந்தார். உறைந்த ஏரிக்கும் நம் நன்செய்க்கும் என்ன ஒப்புமை என்று முதலில் வியந்தேன். பிறகுதான் அவர் நினைவு எங்கே சென்றது என்பது விளங்கிற்று.

நமக்குப் பனி என்றால் உறைந்த பாளமன்று. ஆண்டை ஆறாகப் பகுத்து, அவற்றுள் இரண்டைப் பனிக்கே கொடுத்தவர்கள் நாம். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. முன்பனியில் சம்பா கதிர் முற்றுகிறது. அறுவடைக்குச் சில நாள் முன்னர் வயலின் நீரை வடித்தாக வேண்டும். சனவரி 28ஆம் நாள் மேட்டூர் அணையை மூடுவது நெடுநாள் வழக்கம். ஆற்றில் வரத்துக் குறைய, வாய்க்கால் வற்ற, வயலும் வடிய, ஐப்பசி கார்த்திகை மழையில் எங்கெங்கோ பரவித் திரிந்த மீன்களெல்லாம் எஞ்சிய நீரைத் தேடிப் பள்ளத்துக்கு இறங்குகின்றன. அந்த வடிநாள்தான் நம் பனிக்கால மீன்பிடி நாள். நண்பரின் நினைவு சென்றது அங்கேதான்.

அப்படி ஒரு நாளை நானும் அறிவேன். வெட்டாற்றங்கரையில் எங்களுக்குச் சிறிது நிலம் இருந்தது. எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். பொழுது புலருமுன் வயலுக்குப் போனோம். எதிரே நிற்பவர் முகம் தெரியாத மூடுபனி. வரப்பின் புல் முழங்கால்வரை நனைத்தது. எங்கள் வயலில் வேலை செய்த முதியவர் ஒருவர் முதல்நாள் மாலையே வடிமடையில் மூங்கிற்பறியை வைத்துவிட்டிருந்தார். பறியின் வாயில் உள்நோக்கி வளைத்த குச்சிகள். நீரோடு நுழையும் மீன் திரும்பி வர இயலாது. அதைத் தூக்கிக் கரையில் கவிழ்த்தபோது கெளுத்தி, குரவை, ஆரால், உளுவை, அயிரை என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிப் பிரித்துப் போட்டார். விரால் மட்டும் பறியில் இல்லை. "அது மடைக்கு வராது, சேத்துக்குள்ள படுத்துக்கும்" என்றார். பிறகு வடிகாலின் தேங்கிய மடுவில் இறங்கினார். அடி அகன்று மேல் குறுகிய ஊத்தாவைச் சேற்றில் அழுத்தி, மேல்வாய்வழியே கையை விட்டுத் துழாவி, முழங்கை நீள விரால் ஒன்றை எடுத்தார்.

நானும் இறங்கினேன். நீர் குளிர்ந்து கால் மரத்தது. கையில் ஏதோ தட்டுப்பட்டது, பற்றினேன், சுருக்கென்று குத்திற்று. "தம்பி, அது பனையேறி. தலையிலேருந்து வாலுக்குக் கையைக் கொண்டுபோ. எதிர்த் தடவுனா கிழிச்சிடும்" என்றார். அவர் சொன்னபடி தடவினேன். முதுகின் முட்கள் படிந்தன. மீன் கைக்குள் அடங்கிற்று. பனையேறிக் கெண்டை என்னும் பெயரை நான் கற்றது அகராதியிலன்று. அந்தச் சேற்றில், உள்ளங்கைக் குருதியோடு.

இப்பெயருக்கு ஒரு வரலாறு உண்டு. அது நம் மண்ணிலேயே நிகழ்ந்தது. இன்று மயிலாடுதுறை மாவட்டத்திலுள்ள தரங்கம்பாடி, 1620 முதல் 1845 வரை டேனியர் வசம் இருந்தது. அங்கே பணியாற்றிய டால்டார்ஃப் என்னும் படை அதிகாரி, 1791ஆம் ஆண்டு நவம்பரில் குளக்கரைப் பனைமரம் ஒன்றின் பட்டை வெடிப்பில் ஒரு மீனைக் கண்டார். நீர்மட்டத்திலிருந்து ஐந்தடி உயரத்தில் அது மேலும் ஏற முயன்றுகொண்டிருந்தது என்று எழுதினார். அக்குறிப்பு 1797இல் இலண்டன் லின்னேயன் கழகத்தின் வெளியீட்டில் அச்சேறியது. அதே ஊரில் சமயப்பணி ஆற்றிய கிறிஸ்டோப் சாமுவேல் ஜான், பெர்லினில் இருந்த மீனியல் அறிஞர் புளோக்குக்குத் தமிழ்நாட்டு மீன்களை அனுப்பி வந்தார். பனையேறி என்னும் நம் வழக்குச்சொல்லையும் ஐரோப்பிய நூல்கள் குறித்துக்கொண்டன. பின்னர் அறிவியல் அம்மீனுக்கு 'அனபாஸ்' என்று பேரினப் பெயர் இட்டது. அதுவும் ஏறுதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் வழி வந்ததே. ஆங்கிலத்தில் அதனை 'ஏறும் பெர்ச்' என்ற பொருளில் அழைக்கிறார்கள். கனடா நண்பர் பனிக்கட்டித் துளையில் பிடித்த பெர்ச்சுக்கு அது நெருங்கிய உறவன்று, பெயரளவில்தான் உறவு.

மீன் பனை ஏறுமா என்று பின்வந்தோர் ஐயுற்றனர். காக்கையோ பருந்தோ கவ்விச் சென்று மரத்தில் நழுவவிட்டதாக இருக்கலாம் என்று கருதியவர்களும் உண்டு. ஆனால் அது தரையில் நடக்கும் என்பதில் ஐயமில்லை. செவுள்மூடியின் முட்களை ஊன்றி, வாலால் உந்தி, ஒரு குட்டை வற்றினால் மறு குட்டைக்குப் போகும். செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பான ஓர் உறுப்பு அதற்கு உண்டு. அதனால் நாம் விடும் காற்றையே அதுவும் மூச்சாகக் கொள்ளும். நீரின் மேற்பரப்புக்கு வரவிடாமல் தடுத்தால், நீருக்குள் இருந்தும் மூச்சுமுட்டி இறந்துவிடும். அதாவது, சிம்கோ ஏரியின் பனிக்கட்டிக் கூரைக்குக் கீழே நம் பனையேறி வாழ இயலாது.

டிரவுட்டின் இயல்பு இதற்கு நேர்மாறு. நீர் 4 டிகிரி வெப்பத்தில் மிக அடர்ந்து அடியில் தங்குகிறது. பனிக்கட்டி இலேசாகி மேலே மிதக்கிறது. மூடிய கூரையின் கீழ் அக்குளிர்நீரில் கரைந்துள்ள உயிர்க்காற்றே டிரவுட்டுக்குப் போதும். நம் வயலின் வெதுவெதுப்பான சேற்றுநீரில் விட்டால் அது ஒருநாளும் பிழைக்காது.

ஆயினும் நண்பர்களே, டிரவுட் நம் காவிரிக்கு முற்றிலும் அயல் மீனன்று. நீலகிரியில் அதனை வளர்க்க 1860களில் முயன்றவர்களுள் ஒருவர், இந்திய மீன்களைப்பற்றிப் பெருநூல் எழுதிய மருத்துவர் பிரான்சிஸ் டே. அம்முயற்சிகள் நெடுங்காலம் கைகூடவில்லை. அவலாஞ்சியில் 1907ஆம் ஆண்டு பொரிப்பகம் அமைந்த பிறகே அம்மீன் மலையோடைகளில் நிலைத்தது. அவலாஞ்சி நீர் குந்தா ஆற்றின் வழியே பவானியில் சேர்கிறது. பவானி, கூடுதுறையில் காவிரியோடு கலக்கிறது. அங்கிருந்து கல்லணைக்கு வந்து, பிரிந்து பிரிந்து, வெட்டாறாகி எங்கள் வடிமடைக்கு வருகிறது. ஒரே ஆற்றின் நீர்தான். தலைமாட்டில் குளிர் இல்லாமல் வாழாத மீன்; கால்மாட்டில் வெளிக்காற்று இல்லாமல் வாழாத மீன். காவிரி என்று நாம் ஒரு சொல்லில் பாடிவிடும் ஆற்றுக்குள் இத்தனை வேறுபாடு இருக்கிறது.

இங்கேதான் கவிஞர்களாகிய உங்களிடம் நான் வரவேண்டியிருக்கிறது.

மீனை விட்டால் தமிழ்க் கவிதையில் பாதி அழகு குறையும். பாண்டியன் கொடியில் மீன். மருதத்திணையின் ஊடல் நிகழும் இடமே கெண்டை புரளும் வயலும் வாளை பாயும் பொய்கையும். ஐங்குறுநூற்றின் முதல் நூறாகிய ஓரம்போகியாரின் மருதம் முழுதும் இத்தகைய நீர்நிலத்து உலகந்தான். சோழநாட்டு வயல்மீனைப் பாடாமல் சேக்கிழார் திருத்தொண்டர் வரலாற்றுக்குள் நுழையவில்லை. நாமும் கயல்விழி என்கிறோம். பெண்மக்களுக்குப் பெயரும் இடுகிறோம். ஆனால் கயல் எது, சேல் எது, கெண்டை எது என்று கேட்டால் ஒன்றற்கு மற்றொன்றைப் பொருளாகச் சொல்லி நிறுத்திவிடுகிறோம். பழம்புலவர் மூன்று பெயர் வைத்திருந்தது எதுகைக்காக மட்டும் இருந்திருக்காது. மூன்று பெயர் இருந்தால், மூன்றையும் பிரித்தறிந்த கை ஒன்று இருந்திருக்க வேண்டும்.

அந்தக் கை யாருடையது என்பதையும் நாம் ஒளிக்காமல் பேச வேண்டும். சேற்றில் நின்றவர் ஒருவர்; கரையில் நின்று பாடியவர் வேறொருவர். பறியைக் கவிழ்த்து ஐந்து மீனை ஐந்து பெயரால் பிரித்துப் போட்ட அந்த முதியவர் எழுத்தறியாதவர். அன்று பிடித்த விரால் எங்கள் வீட்டுக்கு வந்தது. அயிரையும் உளுவையுமே அவர் கூடைக்குப் போயின. அதை அப்போது நான் கவனிக்கவில்லை. அவர் தந்த சொற்களையும் அப்படியே, விலை கொடாமல் எடுத்துக்கொண்டுவிட்டேன். இன்று இந்த மேடையில் நான் செலவழிப்பது அவருடைய முதல். அவர் பெயரை நான் எந்தக் கட்டுரையிலும் எழுதியதில்லை என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன்.

இப்போது அந்த வடிமடைக்குப் போனால் என்ன காண்கிறோம்? 1960இல் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்கு இந்தியாவில் முதலில் தேர்ந்த மாவட்டங்களுள் தஞ்சையும் ஒன்று. 1960களின் நடுவில் ஆடுதுறை 27 என்னும் குறுகியகால நெல் வந்தது. உரமும் பூச்சிமருந்தும் உடன்வந்தன. பசி நீங்கிற்று, அதைக் குறைசொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் வரப்பு நண்டைக் கொல்ல ஊற்றிய மருந்து நண்டோடு நிற்கவில்லை. எங்கள் வயலிலேயே, ஒரு காலை, மடையில் அயிரைகள் வெள்ளை வயிறு காட்டி மிதந்ததைக் கண்டிருக்கிறேன். 1952இல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட திலாப்பியா, சிலேபிக் கெண்டை என்று தமிழ்ப்பெயர் பூண்டு குளங்களை நிறைத்துவிட்டது. இன்றைய சிறுவனுக்குக் கெண்டை என்றால் அதுதான். பழைய பெயர் புதிய மீனுக்குப் போயிற்று. பழைய மீன் பெயரிழந்து நிற்கிறது.

சொல் அழிவதில் ஒரு கொடுமை இருக்கிறது. மீன் குறைந்தால் உண்பவனுக்குத் தெரியும். பெயர் குறைந்தால் எவருக்கும் தெரியாது. கவிஞனுக்குத்தான் தெரிய வேண்டும். அவனும் கயல் என்று எழுதி, அதன் அடையாளம் அறியாமலே கைதட்டும் பெறுவானாயின், அந்த இழப்பு முழுமை பெற்றுவிடும்.

ஆகவே இந்த நிறைவு விழாவில் வாழ்த்தோடு ஒரு வேண்டுகோளையும் வைக்கிறேன். பதினோராம் ஆண்டின் தை மாதத்தில், ஒரு திங்கட்கூட்டத்தை அரங்கில் நடத்தாமல் வடிவாய்க்கால் கரையில் நடத்துவோம். கவிதைத்தாளை வீட்டில் வைத்துவிட்டு வருவோம். பறி பின்னத் தெரிந்தவர்கள், ஊத்தா போட்டவர்கள் நம் ஊர்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள், எழுபதைக் கடந்தவர்கள். அவர்களை முன்னிருத்தி, மீனின் பெயரையும் கருவியின் பெயரையும் சேற்றின் வகையையும் நீரின் நிறத்தையும் அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வோம். சொன்னவர் பெயரையும் அவர் இசைவோடு ஒவ்வொரு சொல்லின் பக்கத்திலும் எழுதுவோம். நம் வட்டத்தின் அடுத்த தொகுதி கவிதைத் தொகுதியாக இல்லாமல் அச்சொல் தொகுதியாக இருந்தாலும் எனக்கு மகிழ்ச்சியே. கவிதைகள் பிறகு வரும்.

கனடா நண்பருக்கு மறுமொழி எழுதினேன். "நீங்கள் அமர்ந்த பனித்தரையின் கீழ் நம் பனையேறி வாழாது. ஆனால் உங்கள் பிள்ளைகளுக்கு அதன் பெயரைச் சொல்லிக்கொடுங்கள்; எப்படிப் பிடிப்பது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்" என்று எழுதினேன். தலையிலிருந்து வாலுக்கு என்று அந்த முதியவர் சொன்னதையும் எழுதினேன். அவர் பெயரையும் எழுதினேன்.