கேள்வி கேட்ட கடற்படைத் தளபதி

(விழுப்புரம் – திண்டிவனம் பகுதி தகவல் தொழில்நுட்ப அணி கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



திண்டிவனத்துல நின்னு "ராமதாஸ்"னு சொன்னா உங்க மனசுல யார் முகம் வரும்னு எனக்குத் தெரியும். நான் பேச வந்தது அவரைப் பத்தி இல்ல. இந்தியக் கடற்படையின் தலைமைத் தளபதியா இருந்த அட்மிரல் லட்சுமிநாராயண் ராமதாஸ் பத்தி. 2024 மார்ச் மாதம், 90 வயதில் காலமானார். நம்ம டைம்லைன்ல அந்தச் செய்தி பெருசா வரல. வந்திருக்கணும்.

முதல்ல ஒரு ஊர்க்கதை. இங்கிருந்து ஜிஎஸ்டி ரோட்டைப் பிடிச்சு வடக்கே போனா செங்கல்பட்டு. அங்கே 1911ல் பிறந்தவர் ராம் தாஸ் கட்டாரி. சுதந்திரம் கிடைச்சு கிட்டத்தட்ட 11 வருஷம் நம்ம கடற்படைக்குத் தலைமை தாங்கினது பிரிட்டிஷ் அதிகாரிகள்தான். 1958 ஏப்ரல் 22ல் அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் இந்தியர் கட்டாரி. அவருடைய மருமகன்தான் நம்ம அட்மிரல் ராமதாஸ். பெயர் ஒத்துப்போறதால குழப்பிக்காதீங்க: மாமனார் கட்டாரி, மருமகன் ராமதாஸ்.

இவர் போரைப் பார்க்காத ஆள் இல்ல. 1971 போரில் ஐஎன்எஸ் பியாஸ் கப்பலின் கேப்டன். வங்கக் கடலில் கிழக்கு பாகிஸ்தானுக்குப் போற கடல்வழியை அடைச்ச கப்பல்களில் அதுவும் ஒண்ணு. எதிரிப் படை கடல் வழியா தப்ப முடியாம போனதுக்கு அந்த முற்றுகை ஒரு முக்கியக் காரணம். அதுக்காக அவருக்கு வீர் சக்ரா விருது கிடைச்சது.

1990 நவம்பர் 30ல் தலைமைத் தளபதி ஆனார். 1993 செப்டம்பர் வரை பதவி. அந்தக் காலத்தில் அவர் செஞ்ச பெரிய காரியம் என்ன தெரியுமா? அதுவரைக்கும் மருத்துவப் பிரிவைத் தவிர வேற எதுலயும் பெண் அதிகாரிகளைக் கடற்படை சேர்த்ததில்ல. 1992ல் கல்வி, சட்டம், லாஜிஸ்டிக்ஸ் பிரிவுகளில் கதவைத் திறந்துவிட்டார்.

கதவு திறந்தது. ஆனா பாதிதான் திறந்தது. குறுகிய காலப் பணி மட்டும்தான். ஆண் அதிகாரிக்கு ஓய்வு வரைக்கும் வேலை, பென்ஷன். அவர் பக்கத்து மேசையில் அதே வேலை பார்த்த பெண்ணுக்கு சில வருஷத்தில் "போயிட்டு வாங்கம்மா". அந்தப் பெண்கள் சும்மா இருக்கல, கோர்ட்டுக்குப் போனாங்க. சில கப்பல்களில் பெண்களுக்குக் கழிவறை வசதி இல்லைன்னு அரசுத் தரப்பில் ஒரு வாதம் வெச்சாங்க! உச்ச நீதிமன்றம் ஏத்துக்கல. 2020 மார்ச் 17ல், பெண் அதிகாரிகளுக்கும் நிரந்தரப் பணி உண்டுன்னு தீர்ப்பு. 1992லிருந்து எண்ணிப் பாருங்க, 28 வருஷம்.

பதவியில இருக்கிறவர் நினைச்சா கதவைத் திறக்கலாம். அது முழுசா திறக்கணும்னா உள்ளே போனவங்க கேள்வி கேட்டுக்கிட்டே இருக்கணும்.

ராமதாஸும் ஓய்வுக்கு அப்புறம் அதைத்தான் செஞ்சார். போர்க்கப்பல் ஓட்டியவர், அணு ஆயுதம் வேண்டாம்னு பேசினார். பாகிஸ்தான் மக்களோட நட்பு வேணும்னு உழைச்சார். 2004ல் பாகிஸ்தானைச் சேர்ந்த ஐ.ஏ. ரஹ்மானுக்கும் இவருக்கும் சேர்த்து மகசேசே விருது கொடுத்தாங்க. இன்னைக்கு இதே கருத்தை ஒரு காலேஜ் பொண்ணு பதிவு போட்டா கமெண்ட்ல என்ன பட்டம் கிடைக்கும்? உங்களுக்கே தெரியும். வீர் சக்ரா வாங்கினவரையும் அப்படிக் கூப்பிடுவோமா?

அடுத்தது, நம்மள மாதிரி கட்சிக்காரங்க கட்டாயம் கேட்க வேண்டியது. ஆம் ஆத்மி கட்சி அவரைத் தன் உட்கட்சி லோக்பால் ஆக்கியது. தப்பு நடந்தா கட்சிக்குள்ளேயே கேட்கிற பொறுப்பு. 2015 தொடக்கத்தில் கட்சிக்குள்ள சண்டை வந்தப்போ, உட்கட்சி ஜனநாயகம் சரியில்லைன்னு கடிதம் எழுதினார். மார்ச் கடைசியில் அவரை அந்தப் பொறுப்பிலிருந்தே எடுத்துட்டாங்க.

வேற கட்சிக் கதைதானேன்னு சிரிச்சுட்டுப் போகாதீங்க தோழர்களே. நம்ம வாட்ஸ்அப் குழுவில் ஒரு கிளைச் செயலாளர் "இது சரியில்லையே"ன்னு கேட்டா, அடுத்த நிமிஷம் அவரை என்ன பண்றோம்? கேட்கிறது ஒரு தங்கச்சியா இருந்தா இன்னும் மோசம். கேள்வி கேட்கிறவர் கட்சியை விட்டுப் போக நினைக்கிறவர் இல்ல. கட்சி நல்லா இருக்கணும்னு நினைக்கிறவர்தான் வாயைத் திறக்கிறார். போக நினைக்கிறவர் சத்தமில்லாம போயிடுவார்.

இப்போ நம்ம வேலைக்கு வருவோம். மூணே மூணு.

ஒண்ணு, தேசிய பாதுகாப்பு அகாடமியில் 2022லிருந்து பெண்களும் சேர்றாங்க. முதல் அணியில் 17 பெண்கள் 2025 மே மாதம் பயிற்சி முடிச்சு வெளியே வந்தாச்சு. யுபிஎஸ்சி வருஷத்துக்கு ரெண்டு தடவை தேர்வு நடத்துது. பிளஸ் டூவில் கணக்கும் இயற்பியலும் வேதியியலும் படிக்கிற பொண்ணு கடற்படைக்கு விண்ணப்பிக்கலாம், பெண்களுக்குத் தேர்வுக் கட்டணம் கிடையாது. கடல் நமக்கு மரக்காணத்திலேயே இருக்கு. மரக்காணம், வானூர், மயிலம், செஞ்சி அரசுப் பள்ளிகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? மீம் போடுற நேரத்தில் பாதியை இதுக்குக் கொடுங்க.

ரெண்டு, அந்தத் தேர்வின் கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான் வருது. இந்தி தெரிஞ்சவருக்குத் தாய்மொழியில் கணக்கு, நம்ம பொண்ணுக்கு இல்ல. தமிழிலும் வேணும்னு கேட்போம். கேட்டுக்கிட்டே இருப்போம்.

மூணு, நம்ம பக்கத்தின் கமெண்டில் கேள்வி கேட்கிற யாரையும் "துரோகி"ன்னு எழுதாதீங்க. பதில் தெரிஞ்சா பதில் சொல்லுங்க. தெரியலைன்னா மேலே அனுப்புங்க, அதுக்குத்தான் அணி இருக்கு.