மிதந்து வரும் புல்தரை

 

"ஏதாவது உபயோகமா பேசுப்பா" என்று சொல்லித்தான் மேடை ஏற்றியிருக்கிறார்கள். ஆகவே ஒரு ஸ்டேடியத்தின் கதையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

ஜப்பானின் வடக்கே சப்போரோ என்று ஒரு நகரம். ஆண்டுக்கு ஏறத்தாழ 5 மீட்டர் பனி கொட்டும் ஊர். 2002 உலகக் கோப்பைக் கால்பந்துக்கு அங்கே ஓர் அரங்கம் தேவைப்பட்டது. பனிக்குக் கூரை வேண்டும். கால்பந்துக்கு இயற்கைப் புல் வேண்டும். கூரைக்கடியில் புல் வளருமா? போதாக்குறைக்கு, பேஸ்பாலும் அங்கேயே ஆட வேண்டுமாம்!

கட்டடக் கலைஞர் ஹிரோஷி ஹாராவும் பொறியாளர்களும் ஒரு வழி கண்டார்கள். புல்தரையை வெளியே வெயிலில் வளர்ப்பது, ஆட்டத்துக்கு உள்ளே கொண்டு வருவது! 120 மீட்டர் நீளம், 85 மீட்டர் அகலம், 8,300 டன் எடை. அடியில் காற்றைச் செலுத்தி, எடையில் பத்தில் ஒன்பது பங்கைக் காற்றே தாங்கும்படி செய்தார்கள். மிச்சத்தை 34 சக்கரங்கள் சுமக்க, நிமிடத்துக்கு 4 மீட்டர் வேகத்தில் மைதானமே நகர்ந்து வரும். பேஸ்பால் என்றால் செயற்கைப் புல்லை விரிப்பார்கள். 2001இல் திறப்பு. 2002 ஜூன் 7 அன்று பெக்காமின் பெனால்டியில் அர்ஜென்டினாவை இங்கிலாந்து 1-0 என வென்றது அங்கேதான். பள்ளிக்கூடப் பையனாக டி.வி.யில் பார்த்தேன்.

2004இல் நிப்பான்-ஹாம் ஃபைட்டர்ஸ் என்ற பேஸ்பால் அணி அங்கே குடிவந்தது. 2022 பருவத்தோடு காலி செய்துவிட்டு, 2023இல் பக்கத்து ஊரில் சொந்த மைதானத்துக்குப் போய்விட்டது. வாடகை அதிகம், கடை வருமானம் கையில் வருவதில்லை, சுருட்டி விரிக்கும் செயற்கைப் புல் காலுக்குக் கடினம் என்று பல மனக்குறைகள். அடுத்த நிதியாண்டில் அரங்கத்துக்கு 65 கோடி யென் அளவில் நஷ்டம். 2024இல் பெயர் சூட்டும் உரிமையை ஒரு நிறுவனத்துக்கு விற்றார்கள். புல்தரை நகரும் இயந்திரத்தில் ஒரு குறையும் இல்லை. ஆடுகிறவனின் கால் வலிதான் கணக்கில் ஏறவில்லை.

இதை ஏன் சொல்கிறேன்? எனக்கும் அடி விழுந்திருக்கிறது. ஒரு தொழிற்சாலைக்குப் பெட்டிகளை ஏற்றி இறக்கும் இயந்திரம் வடிவமைத்தேன். சோதனை ஓட்டத்தில் கைதட்டினார்கள். ஆறு மாதம் கழித்துப் போனால், தார்பாய் போர்த்தி ஓரமாக நிற்கிறது! அங்கே வேலை செய்யும் அண்ணன் ஒருவர் சொன்னார்: "நல்ல மிஷின்தான் சார். ஆனா குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போயிடுது. முன்னாடியே எங்களைக் கேட்டிருக்கலாமே?"

அன்று தலைகுனிந்தேன். அதன்பிறகு, இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கப் போகிறவரோடு ஒரு டீ குடிக்காமல் நான் வரைபடத்தில் கோடு போடுவதில்லை.

தம்பி தங்கைகளே, 8,300 டன்னைக் காற்றில் தூக்கும் கணக்கை இந்த வகுப்பறைகள் உங்களுக்குச் சொல்லித் தரும். கேட்கும் பழக்கத்தை நீங்களேதான் கற்றுக்கொள்ள வேண்டும்.