கொட்டகையில் எழுத்து வாசித்தவர்



"கூத்தாடி" என்னுஞ் சொல்லை நம்மவர் வசையாக வழங்குகின்றோம். அது நமக்குத் தகுமா என்று கேட்கவே இன்று எழுந்தோம்.

1905ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளி இரயில்வே ஊழியர் சாமிக்கண்ணு வின்சென்ட், டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடம் படங்காட்டுங் கருவியை வாங்கி, கூடாரத்துடன் ஊரூராய்ச் சென்றார். அக்காலத்தவை ஊமைப்படங்கள், பின்னர் வந்த கதைப்படங்களில் செய்தியை இடையிடையே எழுத்தால் காட்டுவர். எழுத்தறியாதவன் என் செய்வான்? திரையருகே ஒருவர் நின்று அவ்வெழுத்தை உரக்க வாசித்துக் கதையுஞ் சொல்வார். "எனக்குப் படிக்கத் தெரியாது" என்று பக்கத்திலிருப்பவரிடம் எவரும் வாய்திறக்க வேண்டியதில்லை. கூலிக்குச் செய்த வேலைதான், மறுக்கவில்லை. ஆயினும் தரையில் அமர்ந்தவனின் மானம் அதனால் காக்கப்பட்டது. படித்த நாமோ, கடிதத்தைக் கையிலேந்தி வாசலில் நிற்கும் முதியவரை எத்துணை நேரம் காக்க வைத்திருக்கின்றோம்!

நம் பக்கத்துத் தெருக்கூத்தில் கட்டியங்காரரும் இவ்வகை உதவியே செய்கின்றார். வந்த வேடம் இன்னாரென்று கேட்டு வெளிப்படுத்தி, கதையறியாச் சிறுவனையும் சிரிக்கச் செய்து உடனழைத்துச் செல்கின்றார்.

1931இல் 'காளிதாஸ்' பேசும்படமாய் வந்தபின், கொட்டகையில் கதைசொன்னோர்க்குப் படிப்படியாக வேலையற்றது. அவர்கள் எங்குப் போயினரென்று நாம் விசாரித்ததுமில்லை.