கையெழுத்துப் போடும் முன்



ஓட்டுப் போட்டதோடு நம் வேலை முடிந்தது, இனி ஐந்து வருஷம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று நம்மில் பலர் இருந்துவிடுகிறோம். நம் அரசியல் சாசனம் நம்மை அப்படி விடவில்லை. 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73-ஆவது திருத்தம், கிராமத்து வாக்காளர் ஒவ்வொருவரையும் ஒரு சபைக்கு உறுப்பினராக்கியது. அதுதான் கிராம சபை. சட்டமன்றத்துக்கு ஆள் அனுப்புகிறோம். இந்தச் சபைக்கு நாமே போகலாம். வாக்காளர் பட்டியலில் பேர் இருந்தால் போதும். யார் சிபாரிசும் வேண்டாம்.

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் இந்தச் சபை கூடுகிறது. ஊராட்சியின் வரவு செலவை அங்கே வாசிக்கிறார்கள். தெருவிளக்குப் பராமரிப்புக்கு இவ்வளவு, குடிநீர்க் குழாய் பழுதுக்கு இவ்வளவு என்று வாசிக்கும்போது, “எந்தத் தெருவில் விளக்கு மாற்றினீர்கள்? மேலத்தெருவில் ரெண்டு விளக்கு எரியவில்லையே?” என்று எழுந்து கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. தலைவர் பதில் சொல்லத்தான் வேண்டும்.

இந்த உரிமைக்குள்ளேயே ஒரு கடமையும் இருக்கிறது. 500 பேருக்கு மேல் 3,000 பேர் வரை வசிக்கும் ஊராட்சியில், சபை செல்லுபடியாக 100 பேராவது வந்திருக்க வேண்டும். பல ஊர்களில் என்ன நடக்கிறது? வந்ததும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, “அடுப்பில் சோறு இருக்கு”, “மாட்டுக்குத் தண்ணி காட்டணும்” என்று கிளம்பிவிடுகிறார்கள். சபைக்கு வேண்டிய எண்ணிக்கை, அதாவது கோரம், சேர்ந்துவிடுகிறது. பிறகு என்ன தீர்மானம் எழுதினாலும் அது அத்தனை பேரும் கூடி நிறைவேற்றிய தீர்மானமாகிவிடுகிறது. நாம் கேட்காத ஒன்றுக்கு நம் கையெழுத்தே சாட்சி. கடைசிவரை உட்கார்ந்திருப்பதுதான் அங்கே நம் முதல் கடமை.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்பது உங்களுக்குத்தான் சரியாகத் தெரியும். ஓரமாக நிற்காமல் முன்வரிசையில் உட்கார்ந்து பேசுங்கள். நகரத்தில் இருப்பவர்கள் கிராம சபை போலத் தங்கள் வார்டில் நடக்கும் பகுதி சபை எப்போது கூடுகிறது என்று விசாரித்துப் போங்கள்.

பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள். ஆறாம் வகுப்பிலேயே உள்ளாட்சி பற்றிப் பாடம் இருக்கிறது. சுதந்திர தினத்தன்று பள்ளியில் கொடி வணங்கி மிட்டாய் வாங்கிய பிள்ளை, அன்றைக்கே தன் அம்மா எழுந்து கணக்குக் கேட்பதைப் பார்க்கட்டும். அந்தப் பாடம் அதற்கு ஒருநாளும் மறக்காது.

அடுத்த கிராம சபைக்குக் கட்டாயம் போங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதியதை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். சபையில் பேசியதும் புத்தகத்தில் எழுதியதும் ஒன்றுதானா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.