ஹஃபீஸ் சயீதை பாகிஸ்தான் ஒப்படைக்குமா? கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



"ஹஃபீஸ் சயீதை பாகிஸ்தான் நம்மகிட்ட ஒப்படைக்குமா?" போற இடமெல்லாம் இதைத்தான் கேட்கிறீங்க. சுத்தி வளைக்காம சொல்றேன். தானா மனசு வந்து ஒருநாளும் ஒப்படைக்க மாட்டார்கள். ஏன்னு பாருங்க.

2008 நவம்பர் 26. மும்பையில் 166 உயிர்கள் போச்சு. செய்தது லஷ்கர்-இ-தொய்பா. அந்த இயக்கத்தை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் இந்த சயீத். அடுத்த மாதமே ஐ.நா. தடைப் பட்டியலில் ஏறினார். 2012-ல் அமெரிக்கா ஒரு கோடி டாலர் பரிசு அறிவித்தது. அதற்குப் பிறகும் அந்த ஆள் மேடை போட்டுப் பேசிக்கிட்டுத்தான் இருந்தார்!

2023 டிசம்பரில் இந்தியா முறைப்படி கேட்டது. "இரு நாட்டுக்கும் ஒப்படைப்பு ஒப்பந்தம் இல்லை" என்று பதில் வந்தது. ஒப்பந்தம் இல்லை என்பது உண்மை. ஆனால் தடை அது மட்டும்தானா?

டேவிட் ஹெட்லியை நினைச்சுப் பாருங்க. மும்பையை வேவு பார்த்த ஆள். தன்னை இயக்கியவர்களில் ஐ.எஸ்.ஐ. அதிகாரியும் இருந்தார் என்று 2011-ல் சிகாகோ நீதிமன்றத்திலேயே சாட்சி சொன்னார். அப்படியானால் சயீத் டெல்லி நீதிமன்றக் கூண்டில் ஏறினால் யார் யார் பெயரெல்லாம் வெளியே வரும்? அந்தப் பயம்தான் உண்மையான தடை.

"அவர் இப்போ ஜெயில்ல தானே இருக்கார்?" என்று சிலர் கேட்கலாம். ஆமாம். 2020-லும் 2022-லும் தண்டனை விதித்தார்கள். எதற்கு? பயங்கரவாதத்துக்கு நிதி திரட்டியதற்கு. மும்பையில் செத்த 166 பேருக்காக இல்லை! அந்தத் தண்டனையும் எப்போ வந்தது? 2018 ஜூனில் எஃப்.ஏ.டி.எஃப். அமைப்பு பாகிஸ்தானை சாம்பல் பட்டியலில் வைத்து, பண வரத்துக்கு நெருக்கடி வந்த பிறகு. 2022 அக்டோபரில் பட்டியலில் இருந்து எடுத்தாங்க. பிடியும் தளர்ந்தது.

நட்பு நாடான அமெரிக்காவையே பாருங்க. 1997-லேயே ஒப்பந்தம் போட்டாச்சு. 2009-ல் சிகாகோவில் கைதான தஹாவூர் ராணா 2025 ஏப்ரல் 10-ம் தேதிதான் டெல்லி வந்து சேர்ந்தார். நண்பனிடம் வாங்கவே இத்தனை வருஷம்னா, பகை நாட்டிடம்?

இது நமக்குத் தூரத்துக் கதை இல்லை, சொந்தங்களே. 1999 டிசம்பர் 31-ல் காந்தஹாரில் விமானப் பயணிகளை மீட்க நாம் விடுவித்தவர்களில் ஒருவர் மசூத் அசார். அவர் தொடங்கிய ஜெய்ஷ் இயக்கம் 2019-ல் புல்வாமாவில் 40 வீரர்களைக் கொன்றது. அதில் இருவர் நம் பிள்ளைகள். ஒருவர் தூத்துக்குடி மாவட்டம், இன்னொருவர் அரியலூர் மாவட்டம்.

அதனால்தான் சொல்றோம். கேட்பதை நிறுத்தக் கூடாது. ஆனால் கேட்டால் மட்டும் போதாது. ஆதாரங்களை உலக அரங்கில் திரும்பத் திரும்ப வைக்கணும். பணம் வரும் வழியை அடைக்கணும். ராணாவைக் கொண்டு வந்த அதே பொறுமை வேணும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். "நாளைக்கே பிடிச்சுட்டு வர்றாங்க" என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பிப் பகிராதீங்க. எல்லைக்கு அப்பால் இருக்கிறவன் மேல் உள்ள கோபத்தை, பக்கத்து வீட்டு இஸ்லாமியச் சகோதரர் மேல் காட்டாதீங்க. மும்பையில் அந்தக் குண்டுகள் மதம் பார்த்துப் பாயவில்லை. நாம் பிரிந்து நிற்பதுதான் அவர்களுக்கு வேணும்.

நீதி தாமதமாகலாம். நாம் மறந்தால்தான் அது தோற்கும். மறக்க மாட்டோம்!

ஜெய் ஹிந்த்!