திரைவழி அவையும் கேட்போர் நெறியும்



நாசரேத் கடற்கரை ஊரன்று. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் தொடர்வண்டி நின்று போகும் பனைநாட்டு ஊர். ஆயினும் மன்னார் வளைகுடாவைப் பற்றி அறிஞர் பேசுவதைக் கேட்க இவ்வூரார் இன்று தூத்துக்குடிக்குக்கூடப் போக வேண்டியதில்லை. 2020இல் பெருந்தொற்று ஊர்களை அடைத்தபோது ஆய்வுலகம் தன் அவைகளைத் திரைக்கு மாற்றிக்கொண்டது. ஊர்கள் திறந்த பின்னும் அவ்வழக்கம் நிலைத்துவிட்டது.

முன்னர் இவ்வறிவு இத்துணை எளிதாகக் கிட்டியதில்லை. ஜேம்ஸ் ஹார்னெல் முத்துப்பார்களை ஆராய்ந்து எழுதியவை ஆங்கில அறிக்கைகளாகவே தங்கின. தூத்துக்குடியின் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றது. 1973இல் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் வேப்பலோடையில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினர். அந்நுட்பமும் பெரும்பாலும் வல்லுநர்க்குள்ளேயே பேசப்பட்டது. திரை அந்தச் சுவரைத் தாழ்த்தியிருக்கிறது. தாழ்ந்த சுவரின் வழியே இரைச்சலும் வரும். ஒருவர் ஒலிவாங்கியை அணைக்க மறந்தால், அவர் வீட்டுக் குக்கரின் விசில் பவளப்பாறையின் மேல் ஒலிக்கிறது.

பவணந்தியார் நன்னூற் பாயிரத்தில் மாணாக்கரை வகுத்தது இத்திரைக்கென்றே எழுதியதுபோல் பொருந்துகிறது. அன்னமும் பசுவும் தலையாயோர். ஆடு ஒரு செடியில் நில்லாது தழைதோறும் வாய்வைக்கும். ஒரே வேளையில் மூன்று கூட்டங்களில் பெயர் பதிந்து எதிலும் நில்லாதவர் அவ்வினம். எருமை குளத்தைக் கலக்கிவிட்டுக் குடிக்கும். வினா என்ற பெயரில் தம் சொற்பொழிவைத் தொடங்குவோர் இவர். பன்னாடை நெய்யை விட்டுக் கசடைப் பிடிக்கும். படத்திலிருந்த எழுத்துப்பிழையை மட்டும் குறித்துக்கொண்டு போவோரை வேறென்னென்பது? (இலக்கிய வட்டங்களும் இவ்வினத்தை அறியாதன அல்ல.)

வாயடக்கம் மட்டும் போதாது. சொல்லத்தகாதது எது என்றும் அறிய வேண்டும். கடல் அட்டை இனங்கள் 2001 முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. அவற்றின் கடத்தலோ ஓயவில்லை. ஆர்வமிகுதியால் ஒருவர், தாம் கண்ட இடத்தை ஆழம், திசையுடன் உரையாடல் பெட்டியில் எழுதிவிட்டால், அதைப் படிப்போர் யாவரும் காவலர் அல்லர். பதிவுசெய்த உரை என்றும் கிடைப்பதால் அந்தக் குறிப்பும் என்றும் கிடைக்கும். இத்தகைய செய்தியை உரையாளருக்குத் தனியே அனுப்புவதே முறை.

இனி, பேசவேண்டியவர் பேசாதிருப்பதும் ஒரு குறையே. 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 21 தீவுகளுள் இரண்டு மூழ்கிவிட்டன. அவற்றுள் ஒன்றான விலாங்குசல்லி, தூத்துக்குடிக் கூட்டத்தைச் சேர்ந்தது. பவளப்பாறைகளை வெட்டியெடுத்தது அதற்குரிய காரணங்களுள் முதன்மையானது. தீவு தீவாக இருந்த காலத்தை அறிந்த கடலோடிகள் இக்கரையில் உண்டு. உரை முழுதும் ஆங்கிலத்தில் ஓடும் அவையில் அவர்கள் எங்ஙனம் வாய்திறப்பர்? செயற்கைக்கோள் படம் காட்டாத சிலவற்றை அவர்களால் சொல்ல முடியும்.

ஆசிரியரிடம் பெறுவது கால் பங்கு, உடன்பயில்வோரிடம் பெறுவது மற்றொரு கால், எஞ்சிய அரை பிறர்க்கு எடுத்துரைப்பதால் வருவது என்று கணக்கிட்டவரும் பவணந்தியாரே. ஆங்கில உரையைக் கேட்ட நாசரேத்து இளைஞர் அதை மணப்பாட்டு மீனவரிடம் தமிழில் சொல்லி, அவர் தரும் மறுமொழியை அடுத்த கூட்டத்தில் அவர் ஊரும் பெயரும் சுட்டி, அவர் இசைவோடு, உரையாளர் முன் வைக்கலாம். அதற்குக் கேள்வி நேரத்தில் பத்து மணித்துளிகள் போதும்.